இன்னொண்ணு போட்டுப் பாக்கறேன்க்கா

"அக்கா! அக்கா! இங்க வந்து பாருங்களேன்!"

முதலில் இந்தச் சத்தம்தான் எனக்கு அறிமுகம். ஆள் யாரென்று அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில், ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் நான் டிசைனராக இருந்த காலம். எனக்கு முப்பத்துநாலு வயது. கடை நடுவில் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி, கண்ணாடி கீறிப்போன போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகக் குதித்தாள். போனில் ஒரு எழுத்தைத் தொட்டு இழுத்தால் அது வளைகிறதாம். அன்றைக்கு அதைத்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள்.

"எழுத்து வளையுதுக்கா!"

"வளையும்மா. இருபது வருஷமா வளைஞ்சுக்கிட்டுதான் இருக்கு" என்றேன்.

என் குத்தல் அவள் மேல் படவே இல்லை. "இருபது வருஷமாவா! எனக்கு யாருமே சொல்லலியே!" என்று அதற்கும் ஒரு தடவை குதித்தாள்.

அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே போன் போட்டு, "இன்னாக்கா, பேர இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்ல" என்பாள். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பாவுக்கு மணிலாக் கொட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற கொஞ்சம் நிலம். இவள் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். மாமா பையன் காதுகுத்துக்கு, போனில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஆப்பை இறக்கி, தானே ஒரு பேனர் செய்திருக்கிறாள். எங்கள் ஓனர் அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனவர், பேனரைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்து, கையோடு கூட்டிவந்துவிட்டார். வந்த அன்றே எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. அதுக்கப்புறம் கடைக்கு ஒரு டிசைனர்தான். யாருன்னு அப்ப பாத்துக்கலாம்."

டீ சொல்கிற மாதிரி சொன்னார். கடையில் டிசைனருக்கு என்று இருந்ததே ஒரு சுழல் நாற்காலிதான். அந்த நாற்காலி எனக்கு என்னவென்று அவருக்கு என்ன தெரியும்? ஐந்து வருஷம் ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவள். கணவருக்கு இங்கே மாற்றல் ஆனதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் நான் மருமகள். ஸ்கூல் வாசலில் நான் பையனோட அம்மா. அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் ஆர்ட்டிஸ்ட். அதை யாரிடம் இழந்தாலும் பரவாயில்லை, ஓசியில் வருகிற ஒரு ஆப்பிடம் இழக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அந்த ஆப்பைப் பற்றி எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லாம் தயாராக இருக்கும். பூ இருக்கும், தங்கச் சட்டம் இருக்கும், முகம் வைக்க ஓட்டை இருக்கும். போட்டோவைத் தூக்கி ஓட்டையில் போட்டால் பேனர். "இது டிசைன் இல்ல, கட்டம் நிரப்பறது. பரீட்சை பேப்பர்ல கோடிட்ட இடம் நிரப்புவோமே, அந்த மாதிரி" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். கடையில் இருந்த சாப்ட்வேர் விலை கொடுத்து வாங்கினதுதானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அவளுடைய முதல் பேனர் என் பக்கம்தான் பேசியது. மஞ்சள் நீராட்டு விழா. அட கடவுளே! பின்னால் அருவி கொட்டுகிறது. அருவிக்குள் அன்னப்பறவை. பிறைநிலா மேல் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேல் ரோஜா மழை. எழுத்தில் மட்டும் பதினோரு வகை, நானே எண்ணினேன். தாய்மாமன் பேர் ஒரு வகை, அத்தை பேர் வேறு வகை, சித்தப்பா பேர் நெருப்புப் பிடித்து எரிகிறது! நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறியது.

கொடுமை என்னவென்றால், வந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் மறுநாள் காலையில் வந்தவள் முகம் தொங்கிப்போய் இருந்தது.

"பஸ்ஸுலேருந்து பாத்தேன்க்கா. ஒண்ணுமே தெரியல."

"பஸ்ஸுலேருந்தா?"

"ஆமாக்கா. மண்டபத்தத் தாண்டறதுக்கு பஸ்ஸுக்கு மூணு எண்ணற நேரம்தான் ஆவுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிஞ்சுபோச்சு. அதுக்குள்ள அருவியதான் பாக்கறாங்க. பொண்ணு மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. பக்கத்து சீட்டு ஆயாவக் கேட்டேன், அருவியில இன்னா விசேசம்னு கேக்குது!"

அன்றிலிருந்து அதுதான் அவள் பரீட்சை. தினம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் கட்டியிருக்கிற பேனரையெல்லாம் மூணு எண்ணிப் பார்ப்பாள். என்ன கண்ணில் பட்டது, என்ன படவில்லை. ஊர்க்காரர்கள் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடையிலும் சும்மா இருக்க மாட்டாள். போனைக் கல்லாப் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு, லாரி வருகிறதா பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் ஓடுவாள். அங்கே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். திரும்பி ஓடிவருவாள். "இன்னொண்ணு போட்டுப் பாக்கறேன்க்கா!"

இந்த ஒரு வாக்கியம்தான் அவள். இதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஒரு காதுகுத்துக்கு நாற்பது போடுவாள். மாலையை இடது பக்கம் வைத்து ஒன்று, வலது பக்கம் வைத்து ஒன்று, மாலையே இல்லாமல் ஒன்று. எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

"ஏன்டி, இவ்ளோ எதுக்கு? வீண்தானே?"

"வீண்தான்க்கா! ஆனா காசா போவுது? சும்மாதானே குடுத்திருக்கான். எவ்ளோ வேணா வீணாக்கலாம்க்கா!"

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் ஒரு வாட்டர் கலர் ட்யூபை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்ல தாள் ஒன்று கெட்டுப்போனால் சோறு இறங்காது. அதனால் என்ன செய்தேன்? நிச்சயமாக வரும் என்று தெரிந்ததை மட்டும்தான் வரைந்தேன். வராதது பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் நான் இத்தனை காலமும் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்தியும் விட்டேன்.

அவள் சறுக்கியதும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு லாட்ஜுக்கு போர்டு. மலைப் படம் வேண்டும் என்றார்கள். இவள் ஆப்பில் 'மலை' என்று தேடி, வந்ததில் அழகான ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். ஓனர் பார்த்தார், சரி என்றார். அச்சடித்து மாட்டியும் ஆகிவிட்டது. சாயந்திரம் லாட்ஜ்காரர் போன் போட்டுச் சிரிக்கிறார். அண்ணாமலை உச்சியில் பனி! திருவண்ணாமலை வெயிலில் பனி! பாவம், அந்த ஆப்பில் இருக்கிற மலை எல்லாவற்றிலும் பனி இருக்கிறது, அவளும்தான் என்ன செய்வாள்?

நான் விடுவேனா? "பாத்தியா, ஓசியில வந்த மலை. நாளைக்கு கிரிவலத்துக்கு ஸ்வெட்டர் போட்டுக்கினு போகணும்" என்று ஒரு வாரம் ஓட்டினேன். அந்த வேலையை ஓனர் என்னிடம் கொடுத்தார். நான் பிரஷ் எடுத்து, இந்தியன் இங்க்கில் மூன்றே வீச்சில் மலையைப் போட்டேன். அவள் வாயைப் பிளந்துவிட்டாள். "ஐயோ! கையாலயே! கையாலயே போட்டுட்டாங்க!" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என் பேரை இந்த ஊரில் அவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதோடு விட்டாளா? மறுநாளிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து மலையைப் பார்த்து விரலால் போனில் வரைய ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா! நம்ம மல ஒரு மல இல்லக்கா! எங்க ஊர் ரோட்டுலேருந்து பாத்தா ஒண்ணு. வேங்கிக்காலு வந்தா வேற. செங்கம் ரோட்டுக்குப் போனா அது வேற! பொறந்ததுலேருந்து பாக்கறேன், இன்னிக்குத்தான்க்கா பாத்தேன்!"

போனைக் காட்டினாள். விரலால் போட்ட கோணல்மாணல் கோடுகள். ஆனால் எந்த மலை எந்த ரோடு என்று நான் சரியாகச் சொன்னேன், அவள் சொல்லாமலே. அதை அவளிடம் பாராட்டிச் சொன்னேனா? சொல்லவில்லை. நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது.

இன்னொரு நாள் அவள் போனில் என் பேனரைப் பார்த்தேன். நான் செய்து முடித்து, அச்சாகிப்போன ஒரு நிச்சயதார்த்தப் பேனர். அதைத் தானே புதிதாகப் பிரித்துப் போட்டு வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"என் வேலைல எதுக்கு கை வெச்ச?"

"இல்லக்கா, சும்மா. கடைக்கு வர்றது எல்லாத்தையும் போட்டுப் பாப்பேன். பஸ்ஸுல டைம் போவணும்ல. உங்களுதுல மாப்ள இந்தப் பக்கம் பாக்கறாரு, பொண்ணு அந்தப் பக்கம் பாக்குது. ரெண்டு பேரையும் எடம் மாத்தினேன். இப்ப ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க பாருங்களேன்!"

பார்த்தேன். பார்த்தார்கள்தான். "போய் உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

இப்போது என் ரகசியத்தைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. கல்யாணப் பேனர் குவிகிறது, கடையில் நிற்க இடம் இல்லை. ஒரு நாள் மத்தியானம், யாரும் பார்க்காதபோது, அந்த ஆப்பை என் போனிலும் இறக்கினேன். சும்மா, எதிரி கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்!

அடேயப்பா, என்ன சுகம்! நாலு மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது. இரண்டு தங்க மயில் எதிரெதிரே நிற்கிற ஒரு சட்டம் இருந்தது. போட்டோவைப் போட்டேன், பேரை அடித்தேன், முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் பட்டனைத் தட்டினேன், கதை முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. "மேடம் கை பட்டா தனிதான்" என்றார் ஓனர். அவருக்கு பைலை பெரிய கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புவேன், போனில் செய்தது என்று தெரியாது. அடுத்த கல்யாணத்துக்கும் அதே மயில். அதற்கடுத்ததுக்கும் அதே. ஐந்து வருஷம் படித்தவள் மயிலை மாற்றக்கூடச் சோம்பிப்போனேன். அவள் நாற்பது போட்டுக்கொண்டிருந்த அதே ஆப்பில்தான் நான் ஒன்றே ஒன்று போட்டு அதையே ஊர் முழுக்கத் தொங்கவிட்டேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம். காலை பதினொன்று இருக்கும். பட்டு வேட்டி, தலையில் உருமால், தோளில் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருக்க ஒரு ஆள் கடைக்குள் நுழைந்தார்.

"யாருய்யா போட்டது இந்த பேனர? வெளிய வாங்க!"

ஓனர் எழுந்து ஓடினார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்ல மெல்லக் கதையை வாங்கினோம். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். அக்கா வீட்டுக்காரரோடு தகராறு, நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாணப் பெண்ணே நேரில் போய், "மாமா, நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று அழுதிருக்கிறது. சரியென்று மனசு மாறி, வேன் வைத்து, இருபத்தோரு தட்டு சீர் எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு கிளம்பியிருக்கிறார். மண்டபம் எதுவென்று கேட்டதற்கு, பேனர் படத்தை போனில் அனுப்பி, "இந்த பேனர் வெச்ச மண்டபம் மாமா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மயிலப் பாத்தேன், எறங்கினேன். மேளம் அடிச்சுக்கினே உள்ள போனோம். பன்னீர் தெளிக்கறான், சந்தனம் குடுக்கறான், வாங்க வாங்கன்றான். பொண்ணு வீட்டுக்காரன் என்னை மாப்ள வீட்டு ஆளுன்றான், மாப்ள வீட்டுக்காரன் என்னை பொண்ணு வீட்டு ஆளுன்றான்! இருபத்தோரு தட்டையும் மேடையில வரிசையா வெச்சாச்சு. மாலைய எடுத்துக்கினு பொண்ணு கழுத்துல போடப் போறேன், அந்தப் பொண்ணு நிமிந்து பாத்து, 'நீங்க யாருங்க'ன்னு கேக்குதுய்யா!"

கடையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரே ரோட்டில், பெட்ரோல் பங்க்குக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டபம், அந்தப் பக்கம் ஒரு மண்டபம். இரண்டு கல்யாணத்துக்கும் பேனர் போட்டவள் நான்.

"வெச்ச சீரத் திருப்பி எடுக்கக் கூடாதுன்னு அங்க ஒரு பெரியவர் சண்டைக்கு வர்றாரு. அவர் கால்ல விழாத கொறையா கேட்டு எடுத்துக்கினு, பொம்பளைங்க தட்டத் தூக்கிக்கினு நடுரோட்டுல ஓடறாங்க. அங்க எங்க அக்கா, தம்பி கடைசியில வராமலே போயிட்டானேன்னு மணமேடையில உக்காந்து அழுதுக்கினு இருக்குது. தாலி எடுத்துக் குடுக்கற நேரத்துக்குப் போய்ச் சேந்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம் ஆயிருந்தா? இந்த ஜென்மத்துக்கும் எங்களுக்குள்ள பேச்சு இருந்திருக்காதுய்யா!"

அவர் போனை எடுத்து, பேனர் படத்தை எங்கள் முன்னால் நீட்டினார். "மயிலு கூட போவட்டும். இந்த முகத்தப் பாருங்க. பாலு கணக்கா யாரோ ஒரு பொண்ணு நிக்குது. பக்கத்து மண்டபத்து பேனர்லயும் இதே பொண்ணு நிக்குது. இது எங்க பொண்ணே இல்ல!"

சீசன் குவியலில் எதை யார் போட்டது என்று ஓனருக்கு நினைவில்லை; ஒரே மயில் என்றதும் ஆப் வேலை என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் முடிவு கட்டினார். நேரே அவள் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், போன்ல இருக்கறத அப்படியே எடுத்துப் போடாதேன்னு! எடத்தக் காலி பண்ணு!"

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு முகம் எரிகிறது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இத நான் போடலண்ணா" என்றாள் அவள்.

"பின்ன யாரு? மேடமா ஆப்புல போடுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஆப்பில் இருக்கிற ஒவ்வொரு மயிலும் அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனை எடுத்து அந்த மாமனிடம் நீட்டினாள்.

"நான் போட்டது இதுங்க. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கே நாப்பது போட்டேன். சும்மா போட்டுப் பாத்தது. இதுல எது ஒண்ணாவது இன்னொண்ணு மாதிரி இருக்கா, நீங்களே சொல்லுங்க."

அவர் கோபத்தோடுதான் வாங்கினார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது. முகம் மாறியது.

"இதான்! ஏய், இதான்! இதான் எங்க பொண்ணு!"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "நான்தான் போட்டேன். ரெண்டு பேனரும் நான்தான்" என்றேன்.

ஓனர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னாரே ஒன்று! "சரி விடுங்க மேடம். சீசன் டென்ஷன். படிச்சவங்க, ஏதோ ஒரு தடவை ஆயிப்போச்சு. நீங்க இருங்க." அவளிடம் திரும்பி, "ஆவணி முடிஞ்சுதுல்ல, உன்னை வேற எடத்துல சொல்லி வுடறேன்மா" என்றார்.

தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கு. என் சர்டிபிகேட் அப்படிக் காப்பாற்றுகிறது என்னை! "வேணாங்க, அவளையே வெச்சுக்குங்க" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம்! "எனக்கு யாரும் வுட்டுக்குடுக்க வேணாம்! இன்னிக்கு சாயங்காலம் இவங்க ஊர்ல ரிசப்ஷன் இருக்குல்ல? அதுக்கு நானும் ஒண்ணு போடறேன். அக்காவும் ஒண்ணு போடட்டும். எது வேணும்னு இவரு சொல்லட்டும். அவங்கதான் சேர்ல உக்காரணும்."

மாமன் உருமாலைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அவமானப்பட்ட மனுஷனுக்குத் திடீரென்று நாட்டாமைப் பதவி! ஓனர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

இரண்டு மணி நேரம். நான் ஆப்பைத் தொடவில்லை, கம்ப்யூட்டரையும் தொடவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தேன், பென்சிலைச் சீவினேன். பெண்ணின் போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு கோடு போட ஆரம்பித்தேன். ஆகா, கை அப்படியே சூடு பிடித்தது! புருவம் ஒரே இழுப்பில் வந்தது. கண், உதடு, கழுத்து, சரம் சரமாக மல்லி. எத்தனை நாளாகச் செத்துக் கிடந்த கை இது! சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது, கூடவே பென்சில் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரம் நான் இந்த உலகத்திலேயே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் அவள் வழக்கம்போல ரோட்டைத் தாண்டி ஓடுவதும் திரும்பி ஓடிவருவதும் ஹாரன் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாமன் முதலில் என் தாளை வாங்கினார்.

"அடேங்கப்பா! கையாலயா போட்டீங்க? சாமி படம் கணக்கா இருக்குதும்மா!" கடையே கூடி நின்று பார்த்தது. ஓனருக்குப் பெருமை தாங்கவில்லை. மாமன் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு ரொம்பத் தயக்கத்தோடு, என் மனசு நோகக் கூடாதே என்று, மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்குதும்மா. ஆனா, இது யாரு?"

அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேன் டிரைவரிடம் காட்டினார். "நம்ம பாப்பாடா!" என்று அவர் சொல்வது உள்ளே வரைக்கும் கேட்டது.

என் தாளையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் வரைந்திருந்தது கல்லூரி நாளிலிருந்து நான் வரைந்து வருகிற முகம். அதே கண், அதே உதடு. யார் போட்டோவைக் கொடுத்தாலும் என் கை அந்த ஒரு முகத்தைத்தான் போட்டிருக்கிறது. ஆப்பைப் போய்த் திட்டினேனே! அந்த வெளுப்பாக்குகிற பட்டன் என் விரலுக்குள்ளேயே பதினைந்து வருஷமாக இருந்திருக்கிறது.

எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் உட்காரவில்லை. என் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு குதிக்கிறாள்.

"அக்கா! இன்னா கோடுக்கா இது! இந்த மாதிரி ஒரு கோடு எனக்கு இந்த ஜென்மத்துல வராதுக்கா! ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பொண்ணு மூக்கு சப்பையா, நுனியில கொஞ்சம் அகலமா, எவ்ளோ நல்லா இருக்குது! அந்த மாமாவுக்கும் அதே மூக்குதான். இவ்ளோ நேரம் உங்க எதிர்லதானே உக்காந்திருந்தாரு. பாக்கலியாக்கா?"

பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வரைந்தேன், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.